பத்தொன்பதாம் பக்கத்துக் குடை

எழுதுகிறவர்களில் பல ரகம் உண்டு. படிக்க ஆள் உள்ளவர்கள் ஒரு ரகம். ஆள் இல்லாவிட்டாலும் இருப்பதாக நினைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்கள் இன்னொரு ரகம். தான் எழுதியதை ஒரு ஜீவன்கூடப் படிக்கவில்லை என்று அலுவலகமே வாராவாரம் புள்ளிவிவரம் எடுத்துக் கையில் கொடுக்கும் பாக்கியம் நம் அறுபத்திரண்டாருக்கு மட்டும்தான் வாய்த்திருந்தது.

அறுபத்திரண்டு என்பது அவர் வயதல்ல. வயது நாற்பத்து நான்குதான். வீட்டுச் சாமான்களை வாசலுக்கே கொண்டுவந்து தரும் செயலி ஒன்றை நடத்தும் கம்பெனியில், அந்தச் செயலியின் விதிமுறைகளையும் தனியுரிமைக் கொள்கையையும் எழுதுவது அவர் வேலை. எல்லாம் சேர்த்து அறுபத்திரண்டு பக்கம். புதிதாகச் சேர்கிறவர்கள் முதலில் அது அவர் வயது என்று நினைத்து எழுந்து நாற்காலி கொடுப்பார்கள். அவரும் மறுக்காமல் உட்கார்ந்துகொள்வார்.

அந்தச் செயலியின் போக்கு இப்படி. முதலில் பெயர், விலாசம், போன் நம்பர் மூன்றையும் வாங்கிக்கொள்ளும். அதற்குப் பிறகு, 'உங்கள் தனியுரிமை எங்களுக்கு உயிர்' என்று சொல்லிச் சம்மதம் கேட்கும். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்பார்களே, அதுதான். 'படித்தேன், சம்மதிக்கிறேன்' என்ற பொத்தான் முதல் திரையிலேயே கொழுகொழுவென்று பச்சை நிறத்தில் இருக்கும். 'சம்மதமில்லை' என்ற பொத்தானும் இல்லாமலில்லை. அறுபத்திரண்டாம் பக்கத்தின் அடியில், சாம்பல் நிறத்தில், கண்ணாடி போட்டவர்கள் கழற்றித் துடைத்துப் போட்டுப் பார்த்தால் தெரிகிற அளவில் இருக்கும். அதை அங்கே வைத்தது அறுபத்திரண்டார் இல்லை என்றாலும், வைத்தபோது அவர் வாயைத் திறக்கவும் இல்லை.

மக்கள் அந்த அறுபத்திரண்டு பக்கத்தையும் படிக்க எடுத்துக்கொண்ட சராசரி நேரம் ஒன்றே முக்கால் விநாடி. இவ்வளவு வேகமாகப் படிக்கிற ஜனங்கள் இருக்கும்போது படிப்பறிவைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டியதே இல்லை.

அவருடைய மனைவியும் விதிவிலக்கல்ல. அவள் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். அங்கே அரை வரிச் சீட்டைக்கூட இரண்டு முறை படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவள், கணவரின் செயலியில் மட்டும் சோப்புக் கையோடு பச்சைப் பொத்தானை அமுக்கிவிட்டாள்.

"ஒரு பக்கமாவது படிச்சிருக்கலாம்ல?" என்று கேட்டார் அவர்.

"உங்களைக் கல்யாணம் பண்ணிக்கும்போதே எல்லாத்துக்கும் சம்மதம்னு சொல்லியாச்சு. இதைத் தனியா வேற படிக்கணுமா?" என்றாள் அவள்.

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. அந்த அறுபத்திரண்டு பக்கத்தில் அவர் உயிரை விட்டு எழுதிய வரிகள் இருந்தன. முப்பத்தேழாம் பக்கத்தில் ஒரு வாக்கியம்: 'தாங்கள் யார் என்பதை எங்கள் ஊழியர் எவரும் ஆர்வத்தின் பொருட்டோ, அவசரத்தின் பொருட்டோ, அன்பின் பொருட்டோகூடத் தேடிப் பார்க்க மாட்டார்.' அந்த 'அன்பின் பொருட்டோகூட' என்பதற்கு ஒரு வாரம் பிடித்தது. எழுதி முடித்த அன்று தன்னையே தோளில் தட்டிக்கொள்ள முடியாத குறைதான். அந்த வேகத்தில், 'இதை மீறும் ஊழியர் மூன்று மாதம் அலுவலக வாசலை மிதிக்கலாகாது' என்று அடுத்த வரியையும் சேர்த்துவிட்டார். பிறத்தியாருக்குத் தண்டனை எழுதும்போது பேனா தனி உற்சாகத்தோடு ஓடும்.

பத்தொன்பதாம் பக்கத்தில் ஒரு ரகசியமும் வைத்திருந்தார். சாமான் திருப்பி அனுப்பும் விதிகளுக்கு நடுவே ஒரு வரி: 'இந்த வரியை வாசித்தவர் ஐம்பத்தெட்டாம் பக்கத்தில் உள்ள விலாசத்துக்கு எழுதினால் குடை ஒன்று அனுப்பிவைக்கப்படும்.' எழுதி ஒன்பது வருடம் ஆயிற்று. நல்ல கறுப்புக் குடை, மர வளைவுப் பிடி. பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் அவர் மேசைக்கு அடியிலேயே கிடந்தது. ஒன்பது மழைக்காலம் வந்து போயிற்று. கேட்க நாதியில்லை.

அப்படியிருக்கும்போதுதான் ஒரு திங்கட்கிழமை மேலாளர் கூட்டம் போட்டார். அந்த மேலாளர் எல்லாக் கூட்டத்தையும் நின்றுகொண்டே நடத்துவார். உட்கார்ந்தால் பேச்சு வளரும் என்பது அவர் கொள்கை. ஒரு திரைக்குள் அடங்காத எதையும் அவர் நம்புவதில்லை.

"சார், ஜனங்களுக்கு நம்ம மேல நம்பிக்கை குறைஞ்சுக்கிட்டே வருதுன்னு ஆய்வு சொல்லுது. அதனால, அடுத்த மாசத்துலேர்ந்து அறுபத்திரண்டு பக்கமும் கிடையாது. மூணே படம். ஒரு பூட்டு, ஒரு கைகுலுக்கல், ஒரு சிரிச்ச மூஞ்சி. பார்த்தாலே நம்பிக்கை வந்துடும்," என்றார் மேலாளர்.

அறுபத்திரண்டார் அவசரமாகக் குறுக்கிட்டார். "சார், அதுல உரிமைகள் எல்லாம் எழுதியிருக்கு..."

"யாரு படிக்கிறா? ஒருத்தர்... ஒரே ஒருத்தர் முழுசாப் படிச்சாங்கன்னு வெள்ளிக்கிழமைக்குள்ள காட்டுங்க. படத்தை எல்லாம் தூக்கிப் போட்டுடறேன்."

ஒன்பது வருட எழுத்து ஒரு சிரித்த மூஞ்சிக்குத் தோற்பதா? அவர் நேரே எண்ணிக்கைப் பிரிவுக்குப் போனார். அங்கே இருந்த பெண் நாள் முழுக்க வரைபடங்களோடு குடித்தனம் நடத்துகிறவள். தேடித் தேடிப் பார்த்தவள் திடீரென்று நிமிர்ந்தாள்.

"சார், ஒருத்தர் இருக்காங்க."

அவர் திரையை எட்டிப் பார்த்தார். யாரோ ஒரு ஆள். தினமும் பகல் ஒரு மணியிலிருந்து இரண்டு மணி வரை. பதினோரு நாட்களாக. ஒன்றாம் பக்கம், இரண்டாம் பக்கம் என்று வரிசையாக, ஒன்றைக்கூடத் தாண்டாமல் வந்துகொண்டிருந்தார். முப்பத்தேழாம் பக்கத்தை இரண்டு தடவை. நாற்பத்தொன்றாம் பக்கத்தில் மட்டும் இருபது நிமிடம். இப்போது ஐம்பதில் நின்றிருந்தார்.

அறுபத்திரண்டாருக்குக் கண் கலங்கிவிட்டது. வெட்கப்படாமல் சொல்லலாம், கலங்கித்தான் விட்டது. முப்பத்தேழாம் பக்கத்தை இரண்டு தடவை!

"யாரு இது? பேரு என்ன?"

"அதைச் சொல்லக் கூடாதே சார். முப்பத்தேழாம் பக்கம்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க? எனக்கு வேலையில சேர்ந்தப்ப நீங்களே பாடம் எடுத்தீங்க."

"விதிவிலக்கு இருக்கும்மா. சட்டப் பிரிவோட எழுத்துபூர்வமான அனுமதி இருந்தா சொல்லலாம்."

"சட்டப் பிரிவுல நீங்க ஒருத்தர்தானே சார் இருக்கீங்க?"

"அதுக்கென்ன?"

மேசைக்குத் திரும்பினார். 'வேண்டுகிறேன்' என்று ஒரு தாள் எழுதினார். நாற்காலியைக் கொஞ்சம் நிமிர்த்திப் போட்டுக்கொண்டு, 'அனுமதிக்கிறேன்' என்று அதன் கீழேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார். கேட்டவரும் அவரே, கொடுத்தவரும் அவரே. வேலியே பயிரை மேய்ந்த கதைகளில் இவ்வளவு ஒழுங்காக முத்திரை குத்தி மேய்ந்த வேலி வேறு இருக்க முடியாது. எண்ணிக்கைப் பிரிவுப் பெண் தாளை வாங்கிப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், தாளைக் கோப்பில் போட்டுவிட்டுத் திரையைத் திருப்பினாள்.

சாவி போடும் கடை நடத்தும் ஓர் அம்மாள். விலாசம், மூன்று தெரு தள்ளி.

பழம் நழுவிப் பாலில் விழுந்தது. ஏனென்றால் போன மாதம் அறுபத்திரண்டார் தன் வீட்டுச் சாவியை எங்கேயோ தொலைத்திருந்தார். இருந்தது ஒரே சாவி, அது மனைவியிடம். இழுத்துச் சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும் கதவு வேறு. அவள் வேலை முடிந்து வரும்வரை தினமும் மாடிப்படியில் உட்கார்ந்து கொசுவுக்கு ரத்ததானம் செய்துகொண்டிருந்தார். "ஒரு சாவி போட்டுத் தொலைங்களேன்," என்று அவள் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டாள். ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று முடிவு கட்டி, புதன்கிழமை மனைவியிடமிருந்து சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டு புறப்பட்டார்.

ஜெராக்ஸ் கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவே, மாடிப்படிக்கு அடியில் ஐந்தடி அகலத்தில் இருந்தது அந்தக் கடை. சுவர் முழுக்க ஆணி, ஆணி முழுக்க வெட்டாத சாவிகள். பலகையில் இறுகப் பூட்டிய ஒரு பற்றுக்கருவி, வரிசையாக அரங்கள். மேலே ஒரு பல்பு பீஸ் போய்த் தொங்கியது. தெரு வெளிச்சத்துக்காக முக்காலியை வாசலோடு போட்டு உட்கார்ந்திருந்தார் சாவிக்காரம்மா. ஐம்பது வயது இருக்கும். மூக்கு நுனியில் கண்ணாடி, விரல் நுனியெல்லாம் பித்தளைத் தூள். தகர டப்பாவில் சாய்த்து வைத்த போனில் அறுபத்திரண்டாரின் ஐம்பத்து மூன்றாம் பக்கம் திறந்திருந்தது.

எழுதியவன் தன் எழுத்தை அடுத்தவர் கையில் பார்ப்பது எப்படிப்பட்ட சுகம் என்று அவருக்கு அன்றுதான் தெரிந்தது.

அவருக்கு முன்னால் ஒருவர் சாவி வாங்கிக்கொண்டிருந்தார். சாவிக்காரம்மா அளவு குறித்திருந்த காகிதத்தை அவர் கண் முன்னாலேயே நாலாகக் கிழித்து, தூள் விழும் டப்பாவில் போட்டார். பிறகு இவரிடம் கை நீட்டினார்.

"எத்தனை?"

"ஒண்ணு போதும்மா."

"சொந்த வீடா, வாடகையா?"

"வாடகைதான். நானும் வீட்டுக்காரியும். சாவி ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. படிக்கட்டுல உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு போச்சு."

அவர் முகத்தை ஒரு கணம் உற்றுப் பார்த்துவிட்டுச் சாவிக்காரம்மா சாவியைப் பற்றுக்கருவியில் வைத்து முடுக்கினார். இவர் பார்வை போனிலேயே இருப்பதைக் கவனித்து, அவராகவே பேச ஆரம்பித்தார்.

"அதுவா? ஒரு பல்பு வாங்கணும். இதுல கேட்டா வாசலுக்கே வரும்னு பக்கத்துக் கடைக்காரர் சொன்னாரு. சரின்னு போனா, 'படித்தேன், சம்மதிக்கிறேன்'னு அமுக்கச் சொல்லுது. படிக்காம படிச்சேன்னு எப்படிங்க சொல்றது? அதான், சாப்பாட்டு நேரத்துல தினம் கொஞ்சம் படிக்கிறேன். பதிமூணு நாள் ஆச்சு."

"எப்படி இருக்கு?" என்றார் அவர்.

"யாரோ பொறுப்பா உட்கார்ந்து எழுதியிருக்காங்க."

அந்த இடத்தில் அவர் வாயை மூடிக்கொண்டிருந்தால் கதை சுபம். சாவிக்குச் சாவியும் ஆயிற்று, பாராட்டுக்குப் பாராட்டும் ஆயிற்று. படிக்கிற விஷயத்தையும் அந்த அம்மாளே சொல்லிவிட்டார். இனி அவரிடமே கேட்டு அழைத்துப் போயிருக்கலாம். ஆனால் நுணலும் தன் வாயால் கெடும். எழுதுகிறவனின் அரிப்பு இருக்கிறதே, அது பாராட்டோடு அடங்காது. எங்கே இடறியது என்று தெரிந்தாக வேண்டும்.

"நாற்பத்தொண்ணாம் பக்கத்துல மட்டும் ஏம்மா இருபது நிமிஷம் ஆச்சு? வாக்கியம் ரொம்ப நீளமா இருந்துச்சோ?"

அரம் நின்றது.

"என்ன சொன்னீங்க?"

"இல்ல... முப்பத்தேழை இரண்டு தடவை படிச்சீங்க, அது சந்தோஷம். நாற்பத்தொண்ணுதான்..."

"யாருங்க நீங்க?"

அவர் நெஞ்சை நிமிர்த்தினார். என்ன செய்வது, ஒன்பது வருடம் காத்திருந்த நிமிடம். "அதை எழுதினதே நான்தாம்மா."

"எழுதினது நீங்கன்னா சரி. படிக்கிறது நான்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

சாவிக்காரம்மா கண்ணாடியை மேலே ஏற்றிக்கொண்டு, போனைத் தொடாமலே, வகுப்பில் ஒப்பிப்பது போல நிதானமாகச் சொன்னார்: "'தாங்கள் யார் என்பதை எங்கள் ஊழியர் எவரும் ஆர்வத்தின் பொருட்டோ, அவசரத்தின் பொருட்டோ, அன்பின் பொருட்டோகூடத் தேடிப் பார்க்க மாட்டார்.' நல்லா இருக்குன்னுதான் இரண்டாவது தடவை படிச்சேன். இவ்வளவு தூரம் யோசிச்சு எழுதியிருக்காங்களே, ஒழுங்கான ஆளுங்களாத்தான் இருக்கணும்னு நம்பி மேல படிச்சேன்."

தன் வாக்கியத்தை இன்னொருவர் மனப்பாடமாகச் சொல்லி அவர் கேட்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. ஒரு எழுத்துகூடப் பிசகவில்லை. அந்தச் சந்தோஷமும், செருப்பால் அடித்தது போன்ற அவமானமும் சேர்ந்தே வந்ததால் எதற்கு முகம் காட்டுவது என்று தெரியாமல் நின்றார்.

சாவிக்காரம்மா பற்றுக்கருவியைத் தளர்த்தினார். பாதி அராவிய புதுச் சாவியைத் தூள் டப்பாவில் போட்டார். பழைய சாவியைத் துணியில் துடைத்து அவர் உள்ளங்கையில் வைத்தார்.

"முப்பது வருஷமா இந்தத் தொழில் பண்றேன். இந்தத் தெருவுல பாதி வீட்டுப் பூட்டு என் கை அறியும். ஒரு வீட்டையும் நான் எட்டிப் பார்த்ததில்லை. நானும் ஆள் முகத்தைப் பார்த்துத்தான் சாவி போடுவேன். உங்களுக்குப் போட முடியாது, போயிட்டு வாங்க."

இரண்டடி நடந்தவரை மறுபடி கூப்பிட்டார். "நாற்பத்தொண்ணு என்னன்னு கேட்டீங்களே? அன்னைக்கு ஒருத்தர் வீட்டைப் பூட்டிட்டுச் சாவியை உள்ளேயே விட்டுட்டு ஓடி வந்தாரு. போனை அப்படியே வெச்சுட்டுப் போய்த் திறந்துவிட்டுட்டு வந்தேன். அவ்வளவுதான்."

அன்று இரவு சாப்பிடும்போது மனைவி கேட்டாள். "சாவி போட்டாச்சா?"

"போட மாட்டேன்னுட்டாங்க."

"ஏன்?"

நடந்ததைச் சொன்னார். அவள் கையை அப்படியே தட்டில் வைத்துக்கொண்டு சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். பிறகு சட்டென்று நிறுத்தினாள். "எங்க லேப்ல ஒருத்தரோட ரிசல்ட்டை நான் ஆசைக்காகத் திறந்து பார்த்துட்டு, அவர் வீட்டு வாசல்ல போய் நின்னா எப்படி இருக்கும்?" என்றாள்.

வியாழக்கிழமை பகல் ஒன்று ஐம்பத்திரண்டுக்கு வரைபடத்தில் அந்தப் புள்ளி அறுபத்திரண்டாம் பக்கத்தை எட்டியது. ஒரு நிமிடம் நின்றது. பிறகு, அந்தச் செயலி பிறந்ததிலிருந்து யாரும் தொடாத சாம்பல் நிறப் பொத்தான் முதன்முறையாக அமுக்கப்பட்டது.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் அறுபத்திரண்டார் பெயரில்லாத வரைபடத்தை மட்டும் காட்டினார். மேலாளர் துள்ளிக் குதிக்காத குறை.

"அட! உண்மையிலேயே ஒருத்தர் இருக்காங்களா? யாரு சார்? கூட்டிட்டு வாங்க. படம் எடுத்து ஊரெல்லாம் விளம்பரம் போடுவோம். உங்க அறுபத்திரண்டு பக்கமும் அப்படியே இருக்கட்டும், போதுமா?"

ஒரு பெயர். அதைச் சொன்னால் போதும், ஒன்பது வருட எழுத்து பிழைத்துவிடும். நாக்கு நுனி வரை வந்ததை அவர் விழுங்கினார்.

"பேரைச் சொல்லக் கூடாது சார். முப்பத்தேழாம் பக்கம்."

"சரி, கடைசியில என்னதான் அமுக்கினாங்க?"

"சம்மதமில்லை."

மேலாளர் வரைபடத்தை விரலால் தட்டினார். "அப்ப, படிக்காதவங்க எல்லாரும் சம்மதிச்சிருக்காங்க. படிச்ச ஒரே ஆளு வேண்டாம்னு போயிட்டாங்க. படிக்க வைக்கிறதுதான் கம்பெனிக்கு ஆபத்துன்னு இதுலேர்ந்து தெரியுதா இல்லையா?" கூட்டமே தலையாட்டியது. மூன்று படமும் கைதட்டலோடு நிறைவேறின. சிரித்த மூஞ்சிக்குக் கன்னத்தில் குழி வைக்கலாமா என்று மட்டும் பத்து நிமிடம் விவாதித்தார்கள்.

செவ்வாய்க்கிழமை ஒரு தபால் வந்தது. கோடு போட்ட தாள், குண்டு குண்டான கையெழுத்து. ஐம்பத்தெட்டாம் பக்கத்து விலாசத்துக்கு ஒன்பது வருடத்தில் வந்த முதல் கடிதம் அதுதான். 'ஐயா, உங்கள் ஐம்பத்தெட்டாம் பக்கத்தில் கேட்கலாம் என்று போட்டிருப்பதால் கேட்கிறேன். ஒன்று: என்னைப் பற்றி உங்களிடம் என்னென்ன இருக்கிறது, என் பெயரை எடுத்துப் பார்த்தது யார், எதற்காக? முப்பது நாளுக்குள் பதில் தருவதாக எழுதியிருக்கிறீர்கள். இரண்டு: பத்தொன்பதாம் பக்கத்தில் சொன்ன குடை. முழுவதும் படித்துவிட்டுக் கேட்கலாம் என்றிருந்தேன், பின்னால் ஏதாவது நிபந்தனை இருக்கப்போகிறதே என்று. இல்லை.'

மேலாளர் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுக்கு நாம பதில் சொல்லியே ஆகணுமா?"

"ஆகணும் சார். ஐம்பத்தெட்டாம் பக்கம்."

"அதை யாரு போட்டது?"

"நான்தான்."

"என்ன குடை?"

"அதுவும் நான்தான்."

"இவங்க பேரை எடுத்துப் பார்த்தது?"

"நான்தான் சார்."

"அனுமதி கொடுத்தது?"

அறுபத்திரண்டார் தன் மார்பையே சுட்டிக் காட்டினார். மேலாளர் பெருமூச்சு விட்டார். அவர் கெட்டவர் இல்லை. காரியம் ஓடினால் போதும் என்று நினைக்கிறவர், அவ்வளவுதான். "இதுல என்ன சார் இருக்கு? 'தொழில்நுட்பக் கோளாறு, வருந்துகிறோம்'னு ஒரு வரி எழுதிவிடுங்க. உலகத்துல எல்லாக் கம்பெனியும் அதைத்தான் எழுதுது. கோளாறு மேல யாரும் கோபப்பட மாட்டாங்க. உங்களுக்கும் வம்பில்ல, எனக்கும் வம்பில்ல."

அறுபத்திரண்டார் மேசைக்குப் போய் உட்கார்ந்தார். 'தொழில்நுட்ப' என்று அடித்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் வித்தை அவருக்குத் தெரியாததல்ல. அந்த அறுபத்திரண்டு பக்கத்தில் ஏழெட்டுப் பூசணிக்காயாவது இருக்கும். கம்பெனி சொல்லி மறைத்ததுண்டு. ஆனால் யாரும் படிக்காததில் மறைப்பது வேறு. இந்தக் கடிதத்தை ஒருவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வரி வரியாக, வேண்டுமானால் இரண்டு தடவை, படிக்கப்போகிறார். அவர் ஆயுளில் நிச்சயமாக ஒரு வாசகர் உள்ள முதல் எழுத்து இது. அதில் பொய் எழுத அவருக்குக் கை வரவில்லை. அடித்ததை அழித்தார்.

இரண்டு நாள் எழுதினார். முடிந்தபோது ஐந்து வரிதான் இருந்தது.

'தங்களைப் பற்றி எங்களிடம் இருந்தவை: பெயர், கடை விலாசம், போன் எண், தாங்கள் படித்த நேரங்கள். தாளாக இணைத்திருக்கிறேன், எங்கள் பக்கம் அழித்தாகிவிட்டது. தங்கள் பெயரைத் தேடிப் பார்த்தவர் ஒருவர், அது நான். அனுமதி கொடுத்தவரும் நானே. கோளாறு எதுவும் இல்லை, நான் எழுதியதை ஒருவர் படிக்கிறார் என்ற ஆசைதான்.'

மனைவிக்குப் படிக்கக் கொடுத்தார். அவள் கையைத் துடைத்துக்கொண்டு, நின்றபடியே படித்தாள். "இத்தனை வருஷத்துல நீங்க எழுதினதுல எனக்குப் புரிஞ்சது இதுதான்," என்றாள். பிறகு, கேலியில்லாமல், "நல்லா இருக்கு," என்றாள்.

மேலாளரிடம் கடிதத்தோடு முப்பத்தேழாம் பக்கத்தையும் எடுத்துக்கொண்டு போனார். இதை அனுப்பினால் என்ன ஆகும் என்று அவர் தெரிந்துகொள்ள வேண்டுமே. மேலாளர் கடிதத்தைப் படித்தார். பக்கத்தைப் படித்தார். இரண்டாம் வரிக்கு வந்ததும், அவர் வேலைக்கு வந்த ஆறு வருடத்தில் யாரும் பார்க்காத காட்சியாக, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"மூணு மாசமா! இப்படியா எழுதுவீங்க? இதை எழுதும்போது கொஞ்சமாவது யோசிச்சிருக்க வேண்டாமா?"

"இதை மீறப்போறது யாருன்னு அப்போ தெரியாது சார்."

மேலாளர் சிரிக்கவில்லை. பக்கத்தைத் திருப்பி, அடுத்த பக்கத்தையும் மெதுவாகப் படித்தார். "இன்னும் என்னென்ன சார் எழுதி வெச்சிருக்கீங்க இதுல?" என்று கேட்டார். அந்தக் குரலில் பயம் இருந்தது. முழுவதையும் அச்செடுத்துக் கொண்டுவரச் சொன்னார். அன்று மாலை அறுபத்திரண்டார் மேசையைக் காலி செய்து, குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியேறும்போது, கண்ணாடிச் சுவருக்கு உள்ளே மேலாளரும் இன்னும் நாலு பெரியவர்களும் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தார்கள். யாரோ விரலில் எச்சில் தொட்டுத் தாளைப் புரட்டினார்கள். அவர் காவலாளி விரட்டும்வரை நின்று பார்த்தார்.

மறுநாள் காலை மனைவி வேலைக்குப் போனதும் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். ஞாபகமாகக் கடிதத்தையும் எடுத்துக்கொண்டார். தபாலில் போட மனம் வரவில்லை. கதவைப் பின்னால் இழுத்துச் சாத்திய பிறகுதான், மாலைவரை இனி படிக்கட்டுதான் கதி என்பது உறைத்தது.

சாவிக்கடையில் புதுப் பல்பு எரிந்துகொண்டிருந்தது. எதிர்ச் சாரிக் கடையில் வாங்கியதாம். ஐந்து நிமிட வேலை. சாவிக்காரம்மா கையைத் துடைத்துக்கொண்டு கடிதத்தை வாங்கினார். படித்தார். ஒரு வரியில் நின்று, திரும்பிப் போய், மறுபடியும் படித்தார். அறுபத்திரண்டார் ஒன்றும் கேட்கவில்லை. எந்த வரி என்று தெரிந்துகொள்ள அவருக்கு உயிர் துடித்தது. ஆனாலும் கேட்கவில்லை.

இணைத்திருந்த தாளை, பெயரும் விலாசமும் பதினான்கு நாள் நேரமும் இருந்த தாளை, சாவிக்காரம்மா நாலாகக் கிழித்துத் தூள் டப்பாவில் போட்டார். கடிதத்தை மட்டும் மடித்துத் தகர டப்பாவுக்குள் வைத்தார். பிறகு குடையின் உறையைப் பிரித்து விரித்தார். ஒன்பது வருடம் விரிக்காத குடை. ஒரு கம்பி துருப்பிடித்து மக்கர் பண்ணியது. அரத்தால் இரண்டு தேய், எண்ணெய் ஒரு சொட்டு. சடக்கென்று விரிந்தது.

"நல்ல குடை. சொன்னபடி கொடுத்துட்டீங்க," என்றார்.

"அப்ப நான் வர்றேம்மா."

"அதுக்குள்ள எங்க கிளம்பிட்டீங்க? சாவியைக் கொடுங்க."

அவருக்கு உடனே புரியவில்லை. புரிந்ததும் சட்டைப் பையைத் தடவினார். சாவி மனைவியோடு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருந்தது.

"கொண்டு வரலைம்மா..."

"போய் வாங்கிட்டு வாங்க. இப்ப எனக்குச் சாப்பாட்டு நேரத்துல படிக்க ஒண்ணும் இல்லை. கடையைத் திறந்துதான் வெச்சிருப்பேன்."

வெளியே வெயில் கொளுத்தியது. சாவிக்காரம்மா குடையை அவர் கையில் திணித்து, "திருப்பிக் கொண்டு வந்துடணும்," என்றார். நாற்பத்து நான்கு வயதில் அறுபத்திரண்டார் அந்தத் தெருவில் குடையும் கையுமாக ஓடினார்.